வட்டம் சுருங்கிய கதை

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆய்வக நுட்புநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசல் மேசைமேல் ஒரு செருப்புப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அழைப்பிதழிலேயே கேட்டிருந்தேன்: ஃபிரிட்ஜ் மேலே, மேசை டிராயரில், சாமி படத்துக்குப் பின்னால் என்று வீட்டில் மிச்சம் கிடக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கொண்டுவாருங்கள் என்று. எது ஆன்டிபயாடிக் என்று தெரியாதவர்கள், சிவப்புக் கோடு போட்ட அட்டைகளை எல்லாம் எடுத்துவரலாம் என்றும் எழுதியிருந்தேன். அந்தக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. பெட்டி நிறைந்துவிட்டது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. 31 வருடம் ஓர் அரசு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். வார்டில் என்னைக் 'கிருமி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சீழ், சிறுநீர், சளி, ரத்தம் என்று நீங்கள் முகம் சுளிக்கிற எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். அதிலிருக்கிற கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தட்டில் ஊற்றுவது அகர். நோன்புக் காலத்தில் கடல்பாசி செய்கிறோமே, அதே பொருள்தான். பாலும் சர்க்கரையும் போடுகிற இடத்தில் நாங்கள் மாட்டிறைச்சிச் சாறு சேர்ப்போம். ஆய்வகத்துக்கு இது வந்ததே ஒரு சமையலறையிலிருந்துதான். 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கிடம் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் தட்டுகள் வெயிலில் உருகிக்கொண்டே இருந்தன. நான் ஜெல்லி செய்யப் போடுவதைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னவர் அவருடைய மனைவி ஃபன்னி ஹெஸ்ஸே. 140 வருடமாக உலகம் முழுக்க அந்த அம்மாவின் யோசனைமேல்தான் கிருமி வளர்கிறது. அவர் பெயரை எத்தனை பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறீர்கள்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கிருமியைத் தட்டு முழுக்கச் சீராகத் தடவி, அதன்மேல் மருந்தேற்றிய சின்னச் சின்ன வட்டத்தாள்களை வைப்போம். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர், மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. 35 டிகிரிச் சூட்டில் ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் திறந்தால், தட்டு முழுக்கப் பாலாடை படிந்தாற்போல் கிருமி வளர்ந்திருக்கும். மருந்து கேட்கிற இடத்தில் மட்டும் தாளைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். அளவுகோலை வைத்து அதை அளந்து, கேட்கும் என்றால் எஸ், கேட்காது என்றால் ஆர் என்று எழுதுவோம்.

'மருந்து கேட்கிறது' என்பது நம் பாட்டிமார் சொல். அதைவிடச் சரியான சொல் எனக்கு எந்த நூலிலும் கிடைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிறுநீர்க் கிருமிகளுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் தாளை வைத்தால் வட்டம் 30 மில்லிமீட்டரைத் தாண்டும். பக்கத்து வட்டத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், அளக்கவே முடியாது. அது அப்போது புதிதாக வந்த மருந்து. வருடங்கள் போகப் போக வட்டம் சுருங்கிற்று. கடைசி வருடங்களில் தாளின் விளிம்பு வரை கிருமி வந்து உட்கார்ந்திருக்கிற தட்டுகளைத்தான் அதிகம் பார்த்தேன். நான் ஓய்வுபெற்ற மாதத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த ஒரு தட்டில் 12 தாள் வைத்தேன். ஒன்றைச் சுற்றிக்கூட வட்டம் இல்லை. அறிக்கையில் மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர் என்று எழுதும்போது, ஒருவருடைய மரண ஓலையை எழுதுகிற மாதிரிக் கை தயங்கும்.

இங்கே நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'எதிர்ப்பு' என்பது மருத்துவத் தமிழில் நல்ல சொல். நோய் எதிர்ப்பு சக்தி வேண்டும் என்கிறோம், அதற்குக் கஷாயமும் குடிக்கிறோம். ஆகவே 'ஆன்டிபயாடிக் எதிர்ப்பு' என்று செய்தித்தாள் எழுதினால், ஏதோ நம் உடம்புக்கு வந்த சக்தி என்றோ, உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்றோதான் மக்களுக்குப் படுகிறது. "நான் மாத்திரையே போடாத ஆளு, எனக்கு அந்தப் பிரச்சினை வராது" என்று நன்றாகப் படித்த ஒருவரே என்னிடம் சொன்னார். மருந்துக்குப் பழகுவது உடம்பு இல்லை, கிருமி. அந்தக் கிருமி ஆளுக்கு ஆள் தாவும். வாழ்நாளில் ஒரு மாத்திரையும் போடாதவர் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், பக்கத்துக் கட்டிலில் இருந்தவருடைய கிருமி இவருடைய தையலில் வந்து உட்காரலாம். பிறந்து 2 நாளான குழந்தை எந்த மாத்திரைக் கோர்ஸை அரைகுறையாக விட்டது?

எவ்வளவு பெரிய விஷயம் இது என்று கேட்பீர்கள். 2019-ஆம் ஆண்டில் மருந்து கேட்காத பாக்டீரியாவால் மட்டுமே உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது 2022-இல் வெளிவந்த கணக்கு. அதற்கு ஏதோ ஒரு தொடர்பு இருந்த மரணங்களையும் சேர்த்தால் 49 லட்சத்து 50 ஆயிரம். ஆய்வகத்தில் உறுதியான தொற்றுகளில் 6-க்கு 1 மருந்து கேட்காதது என்று உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் சொன்னது. அந்த நிறுவனம் நம்மைச் சேர்த்திருக்கிற தென்கிழக்காசியப் பகுதியில் அது 3-க்கு 1.

இதில் நம் ஊர்ப் பெயர் அடிபட்ட ஒரு கதை இருக்கிறது. சுவீடனில் குடியிருந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் இந்தியா வந்தபோது டெல்லியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2008 ஜனவரியில் சுவீடன் திரும்பிய பிறகு அவருடைய சிறுநீரில் ஒரு கிளெப்சியெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. ஆன்டிபயாடிக்குகளில் கடைசிப் படியில் வைத்திருக்கிற கார்பாபெனெம் மருந்தையே வெட்டிப்போடும் நொதி ஒன்று அதனிடம் இருந்தது. அதற்கு நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்டிஎம்-1, என்று பெயர் வைத்தார்கள். 2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44 மாதிரிகளில், ஹரியானாவில் 26-இல், பிரிட்டனில் 37-இல், இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73-இல் அந்த நொதி இருந்ததாக அது சொன்னது.

நாடே கொதித்தது. ஆனால் எதற்கு? பெயருக்கு. தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைத்து அவமானப்படுத்திவிட்டார்கள், இங்கே சிகிச்சைக்கு வரும் வெளிநாட்டாரைத் தடுக்கச் சதி செய்கிறார்கள் என்று நாடாளுமன்றம் வரை பேச்சு. இந்த வகை நொதிக்கு ஊர்ப் பெயர் வைப்பது பழைய வழக்கம்தான். இத்தாலியின் வெரோனாவுக்கும் பிரேசிலின் சாவோ பாவ்லோவுக்கும் அப்படி ஒவ்வொன்று உண்டு. இருந்தாலும் எனக்கும் அப்போது கோபம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஊர்ப் பெயரென்றால் யாருக்குத்தான் வராது? 'லான்செட்' ஆசிரியர் பிறகு அந்தப் பெயருக்காக வருத்தமும் தெரிவித்தார்.

2011 ஏப்ரலில் இன்னொரு கட்டுரை வந்தது. டெல்லித் தெருக்களில் தேங்கிக் கிடக்கிற தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் மாதிரி எடுத்து வெளிநாட்டு ஆய்வாளர்கள் பார்த்திருந்தார்கள். தேங்கிய தண்ணீர் மாதிரிகள் 171-இல் 51-இல் அந்த மரபணு இருந்தது. குடிக்கிற குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-இல் 2-இல் இருந்தது. எனக்கு அந்த 51 பெரிதாகப் படவில்லை. அந்த 2-தான் தூக்கத்தைக் கெடுத்தது. அப்போதும் விவாதம், மாதிரியை நாட்டைவிட்டு எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதிலேயே சுற்றிற்று. பெயருக்காகச் சண்டை போட்ட நேரத்தில் பாதியைச் சாக்கடைக்குக் கொடுத்திருக்கலாம்.

ஏன் சாக்கடை என்கிறேன்? இந்த மரபணு பெரும்பாலும் கிருமியின் சொந்தச் சொத்தான குரோமோசோமில் இருப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கிறது. ஒரு கிருமி இன்னொன்றை ஒட்டிக்கொண்டு அந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். சொந்த இனத்துக்குத்தான் கொடுக்கும் என்றும் இல்லை. கிளெப்சியெல்லா கொடுக்கும், வேறு இனமான ஈ.கோலை வாங்கிக்கொள்ளும். நம்மிடம்தான் கொடுக்கல் வாங்கலில் இத்தனை பேதம். ஆஸ்பத்திரிக் கழிவும் வீட்டுக் கழிவும் மருந்தின் மிச்சமும் ஒரே வாய்க்காலில் கலக்கிற இடம் அதற்குச் சந்தைக்கூடம். அங்கே வாங்கியதை நம் குடலுக்குள் கொண்டுவரத் தண்ணீர் போதும், கழுவாத ஒரு கை போதும்.

மருந்தின் மிச்சம் என்றேன். அது சிறுநீரில் கழிகிற கொஞ்சம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹைதராபாத் பக்கத்தில் பட்டஞ்செருவு என்று ஓர் ஊர். சுமார் 90 மருந்து நிறுவனங்களின் கழிவைச் சுத்திகரிக்கிற ஆலை அங்கே உண்டு. சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரைச் சுவீடன் விஞ்ஞானிகள் சோதித்து 2007-இல் எழுதினார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. மருந்து சாப்பிடுகிற நோயாளியின் ரத்தத்தில் இருக்கிற அளவையே அது தாண்டியது. ஒரு வாய்க்கால் முழுக்க நோயாளி மாதிரி மருந்து குடித்துக்கொண்டிருந்தால், அதிலிருக்கிற கிருமி என்ன கற்றுக்கொள்ளும்? கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைத்து 2020 ஜனவரியில் மத்திய அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டது. உலகமே பாராட்டியது. இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை.

கோழிப் பண்ணையையும் சொல்லாமல் போக முடியாது. கொலிஸ்டின் என்று பழைய மருந்து ஒன்று உண்டு. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேறு மருந்து கேட்காமல் போனதால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதைத் தூசி தட்டி எடுத்தது. அதையே இன்னொரு பக்கம் கோழி சீக்கிரம் எடை போட வேண்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் இந்தியா அதற்குத் தடை போட்டது. நல்ல தடை, காலம் கடந்த தடை.

இதில், அந்த 44 மாதிரிகள் கிடைத்த சென்னைக்குத் தலைகுனிவு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மருந்து எதிர்ப்பை எப்படிக் கட்டிப்போடுவது என்பதை உலகத்துக்குக் காட்டியதில் நம் சேத்துப்பட்டுக்குப் பங்கு உண்டு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் அதிசயம் என்றார்கள். 1948-இல் பிரிட்டனில் வெளிவந்த சோதனையில் பல நோயாளிகள் ஆறு மாதத்தில் தேறினார்கள். ஆனால் பலருடைய கிருமி அதற்குள்ளேயே மருந்துக்கு அடங்காமல் போயிருந்தது, தேறியவர்களில் பலர் மறுபடி விழுந்தார்கள். ஒற்றை மருந்து கொடுத்தால், கோடிக்கணக்கான கிருமியில் தற்செயலாகத் தப்பும் ஒன்றிரண்டு பெருகிவிடும். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், இரண்டிலுமே தப்புகிற கிருமி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கணக்கு சுலபம். ஆனால் கசக்கிற மாத்திரையை ஒரு வருடம் விடாமல் சாப்பிட வைப்பது யார்?

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமை தாங்கினார். சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை. இன்னொரு பகுதியினருக்கு அவர்களுடைய நெருக்கடியான ஒண்டுக்குடித்தன வீட்டிலேயே அதே மருந்து. 1959-இல் முடிவு வெளிவந்தபோது, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. சானடோரியங்களின் காலம் முடிந்தது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஆய்வின் வேலை முறையைப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போவார்கள். மீதி மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்ப்பார்கள். மாதாமாதம் சளியை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பார்கள். மாத்திரையைச் சுற்றி இத்தனை ஆட்கள், இத்தனை நோட்டுகள், ஓர் ஆய்வகம். அது எல்லாம் சேர்ந்ததுதான் மருந்து. நாம் பிறகு என்ன செய்தோம் என்றால், அந்தச் சுற்றுவட்டாரத்தை எல்லாம் விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் தெருத்தெருவாகக் கொண்டுபோனோம். இன்று உலகில் பல மருந்துக்கு அடங்காத காசநோயில் கால் பங்குக்கும் மேல் இந்தியாவில் இருக்கிறது.

என்னுடைய முழு வழக்கும் இதுதான். நம் ஊரில் ஆன்டிபயாடிக், இல்லாத பலவற்றின் வேலையைச் சேர்த்துப் பார்க்கிறது. குழாயில் நல்ல தண்ணீர் வராததற்கு ஒரு மாத்திரை. கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு ஆய்வகம் இல்லாததற்கு ஒரு மாத்திரை. கட்டடக் கொத்தனாருக்குக் காய்ச்சலென்று 3 நாள் படுத்தால் கூலி இல்லை. அவர் மருந்துக்கடையில் போய், "அண்ணே, நாளைக்கு வேலைக்குப் போகணும், பவரா ஒண்ணு குடுங்க" என்கிறார். அது வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம், ஆன்டிபயாடிக் அதற்கு ஒன்றும் செய்யாது. ஆனாலும் 3 நாளில் தானாகவே இறங்கிவிடும், பேர் மாத்திரைக்குப் போய்விடும். அவரிடம் போய் விழிப்புணர்வு பேச எனக்கு வாய் வரவில்லை. 3 நாள் கூலி யார் தருவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மருத்துவர்களையும் விட்டுவிட முடியாது. கல்ச்சர் முடிவு வர 2, 3 நாள் ஆகும். அதுவரை நோயாளியை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் சும்மா இருக்க முடியாது, மருந்து தொடங்கத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் முடிவு வந்த பிறகு அதைப் பார்த்து மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் எழுதிவைத்த அறிக்கைகளில் எத்தனை, யாரும் வந்து வாங்காமலேயே தட்டில் கிடந்தன தெரியுமா? வீடு சென்றவர் சென்றார், இறந்தவர் இறந்தார். காகிதம் மட்டும் அங்கேயே இருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012 ஆகஸ்டில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' உருவாக்கின. அதை முன்னின்று நடத்தியவர் சென்னையின் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாளில் சீட்டோடு கட்டிப்போட்டால், மருத்துவரே இல்லாத கிராமத்தில் நிமோனியாக் குழந்தை சாகும். படிப்படியாகப் போவோம் என்றது அது. எனக்குப் பிடித்த நிதானம். 2014 மார்ச்சில் மருந்து விதிகளில் ஹெச்-1 என்ற அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்தை விற்றால் நோயாளி பெயர், எழுதிய மருத்துவர் பெயர் எல்லாம் தனி நோட்டில் பதிந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டை உங்கள் தெரு மருந்துக்கடையில் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு இல்லை, சும்மா. கேரளம் 2018-இலேயே தனக்கென ஒரு மாநிலச் செயல்திட்டம் வகுத்தது. 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளில் திடீர்ச் சோதனையும் நடத்தியது. பக்கத்து வீட்டில் முடிகிறது.

'கோர்ஸை முடி' என்ற உபதேசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், கேள்வி நேரத்தில் எப்படியும் கேட்பீர்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்: குறைந்த அளவு மருந்து கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று. அதுவே வளர்ந்து, எவ்வளவு நாள் சாப்பிட்டாலும் நல்லது என்று ஆகிவிட்டது. காசநோய்க்கு மாதக்கணக்கு அவசியம், ஒருநாளும் விடக் கூடாது. ஆனால் சாதாரண நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்ற பலவற்றில் குறுகிய கோர்ஸே நீண்டதற்குச் சமமாக வேலை செய்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. தேவைக்கு மேல் போடுகிற ஒவ்வொரு மாத்திரையும் குடலில் சிவனே என்று கிடக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் பாடம் நடத்துகிறது. அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக நீட்டவும் செய்யாதீர்கள். "எத்தனை நாள், டாக்டர்? ஏன் அத்தனை நாள்?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டர்களும் உண்டு. இரண்டு தடவை கேட்டால் பழகிவிடுவார்கள்.

மறுபக்கம் ஒன்று உண்டு, அதைப் பேசாமல் மருந்தைக் குறை, குறை என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. கார்பாபெனெமும் கேட்காத தொற்று வந்தவர்களில் எத்தனை பேருக்குச் சரியான மருந்து கிடைக்கிறது என்று இந்தியா உள்பட 8 நாடுகளில் பார்த்து 2025-இல் ஓர் ஆய்வு வந்தது. 100-க்கு 7 பேருக்குத்தான். ஒரு பக்கம் தேவையில்லாதவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறோம், இன்னொரு பக்கம் உயிருக்குப் போராடுகிறவருக்குக் கைக்கு எட்டவில்லை. சென்னையின் மருந்து நிறுவனம் ஒன்று கண்டுபிடித்த என்மெட்டசோபாக்டம் என்ற, ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுக்கிற துணை மருந்து, வெளிநாட்டு நிறுவனத்தின் கையால் வளர்ந்து, 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சந்தோஷம்தான். ஆனால் நான் சொன்ன டெல்லிப் பெயர் வைத்த நொதியிடம் அதன் ஜம்பம் பலிக்காது.

கூட்டத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பெட்டிக்கு வருகிறேன்.

நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நானும் நூலகரும் எண்ணினோம். 63 துண்டுகள். அசித்ரோமைசின் நிறைய, கொரோனாவில் வாங்கியவையாக இருக்கும், காலாவதியாகிவிட்டன. செஃபிக்சிம் 4 அட்டை, அமாக்சிசிலின் 6. குழந்தைகளுக்கான சிரப் ஒரு புட்டி, கலக்கிய தண்ணீரோடு, அது எப்போது கலக்கியதோ. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற கூட்டு மாத்திரைகள், கத்திரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டியவை. வெட்டிய இடத்தில் தேதியும் பெயரும் போய்விட்டன.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. செய்தித்தாளில் மடித்த சின்னப் பொட்டலம். உள்ளே 4 வெள்ளை மாத்திரை. பெயர் இல்லை, கோடு இல்லை, எழுத்து இல்லை. பொட்டலத்தின் மேலே பேனாவால் 'அம்மாவுக்கு, ராத்திரி' என்று எழுதியிருக்கிறது. கொண்டுவந்தவர் பிறகு வந்து என்னிடம் சொன்னால் போதும். அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?